கயிற்றுக்கு அந்தப் பக்கம்

என் கல்யாண வரவேற்புக்கு வாசலில் டிக்கெட் கொடுத்தார்கள் என்று சொன்னால் இங்கே மெட்ராஸில் யாரும் நம்புவதில்லை. நான் கதை விடுகிறேன் என்று சிரிக்கிறார்கள். ஹாலில் மாட்டியிருக்கும் போட்டோவைக் காட்டினால்தான் வாயை மூடுகிறார்கள். ராட்டினத்தின் உச்சியில், கழுத்து நிறைய மாலையோடு நான். பக்கத்தில் கோட்டு சூட்டில் என் வீட்டுக்காரர். நான் ஒரு கையை உயரத் தூக்கி ஆட்டிக்கொண்டிருப்பேன். “என்ன சந்தோஷமா கையாட்டுறீங்க!” என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் தவறாமல் சொல்வார்கள். நான் காப்பி போடுகிற சாக்கில் உள்ளே போய்விடுவேன்.

எழுபதுகள் முடிந்து எண்பத்தொன்று ஆனி மாதம் எனக்குக் கல்யாணம். எங்களுக்கு இலஞ்சி. மாப்பிள்ளை வீடு தென்காசி. என் மாமனார் குத்தாலிங்கம் பிள்ளைக்கு எதையும் நாலு பேர் பேசுகிற மாதிரி செய்ய வேண்டும். அந்த வருஷம் குற்றாலத்தில் சீசனுக்கு ஒரு பொருட்காட்சி போட்டிருந்தார். ராட்டினம், மரணக் கிணறு, கண்ணாடி மாளிகை, முறம் அகலத்துக்கு டெல்லி அப்பளம், எல்லாம் உண்டு. தாலி கட்டுவது இலஞ்சி முருகன் கோயிலில், வரவேற்பு பொருட்காட்சி மைதானத்தில் என்று அவரே முடிவு செய்து அவரே பத்திரிகையும் அடித்துவிட்டார்.

“சினிமாக்காரனுக்குக் கூட இப்படி ஒரு ரிசப்ஷன் நடந்திருக்காது பாத்துக்கோ” என்று என்னிடமே சொன்னார். புதுமருமகள் என்ன சொல்வாள்? தலையை ஆட்டினேன்.

உண்மையில் எனக்கு அந்த வரவேற்பு எங்கே நடந்தாலும் சரிதான். சந்தையில் நடந்தால்கூடச் சம்மதம். எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்று. மேடையில் என் பக்கத்தில் அம்மா நிற்க வேண்டும்.

அப்பா போகும்போது எனக்கு விவரம் தெரியாத வயது. அன்றையிலிருந்து பார்வதியம்மாள் என்கிற என் அம்மா எந்த நல்ல காரியத்திலும் முன்னால் வந்தது கிடையாது. ஊரில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் முதல் நாளே போய் முறுக்குச் சுற்றுவாள், காய் நறுக்குவாள். தாலி கட்டுகிற நேரத்துக்குப் பின்கட்டில் இருப்பாள். யாரும் அவளைப் போகச் சொல்ல வேண்டியதில்லை. அவளாகவே போய்விடுவாள், அதுதான் எனக்கு ஆத்திரம். என் கல்யாணத்துக்கும் அப்படித்தான் என்று ஆகிவிட்டது. தாரை வார்த்துக் கொடுக்கப் பெரியப்பா சிவசைலமும் பெரியம்மாவும். அம்மாவுக்கு அரிசி மூட்டையும் வாழைக்காய்த் தாரும் வைத்திருந்த உக்கிராண அறை.

நிச்சயத்துக்குப் பிறகு ஒரு நாள் மாப்பிள்ளை வந்திருந்தபோது நான் வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு நேராகவே கேட்டுவிட்டேன். அவர் பெயர் ஞானசம்பந்தம். எழுதுவதால் சொல்லலாம், தப்பில்லை.

“ரிசப்ஷன்ல அம்மா என் கூட மேடையில நிக்கணும். போட்டோவும் எடுக்கணும். உங்க வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?”

“ரிசப்ஷன்ல என்ன சாஸ்திரம் கெடக்கு? அது சும்மா கைகுடுக்கிற சோலிதானே. அத்தை தாராளமா வரட்டும். எங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்” என்றார்.

அந்த ஒரு பதிலுக்காகவே இந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் முதலில், “ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா?” என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, “எந்தப் பக்கம் நிக்கணும்? உனக்கு வலதா, இடதா?” என்று கேட்டாள். நானே தென்காசிக்குப் போய் அவளுக்குச் சாம்பல் நிறத்தில் மெல்லிய கரை வைத்த புடவை ஒன்று எடுத்து வந்தேன். வெள்ளையைத் தவிர வேறு நிறம் அவள் உடம்பில் பட்டு எத்தனை வருஷமோ. அதைப் பெட்டியில் வைப்பதும் எடுத்துப் பார்ப்பதுமாக இருந்தாள்.

இனி, தப்பு எங்கே நடந்தது என்று சொல்கிறேன். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அதனால்தான் யாரையும் திட்டித் தீர்த்துக்கொள்ளவும் முடியவில்லை.

பத்திரிகையின் கீழே, ‘வரவேற்புக்கு வருவோர் இவ்வழைப்பிதழைக் கையோடு கொண்டு வரவும்’ என்று ஒரு வரி போட்டிருந்தது. பத்திரிகை உள்ளவர்கள் சும்மா உள்ளே வரலாம், மற்றவர்கள் வழக்கம்போல டிக்கெட் எடுக்க வேண்டும். மைதானத்தை ஒரு நாள் பூட்டிப்போட மாமனாருக்கு மனசில்லை. வாசலில் நின்றவர்கள் மதுரைப் பக்கத்து ஆட்கள். உள்ளூர்க்காரன் நின்றால் அண்ணாச்சி, மாமா என்று ஊரையே உள்ளே விட்டுவிடுவான் என்று வெளியூர் ஆட்களாகப் பார்த்து நிறுத்தியிருந்தார். ‘கார்டு இல்லாம கலெக்டரே வந்தாலும் டிக்கெட்டு’ என்பது அவர் உத்தரவு. இதை எங்களிடம் பெருமையாகவே சொன்னார். நாங்களும் சிரித்தோம்.

பெரியப்பா ஊர் ஊராகப் போய்ப் பத்திரிகை வைத்தார். சிவகிரி, வாசுதேவநல்லூர் என்று ஒரு சொந்தத்தையும் விடவில்லை. மஞ்சள் தடவி, குங்குமம் கொடுத்து, வெற்றிலை பாக்கோடு வைத்தார். ஆனால் சொந்த வீட்டுக்கு யார் பத்திரிகை வைப்பார்கள்? பெண்ணைப் பெற்றவளிடம் போய்ப் பத்திரிகையை நீட்டினால் அவளை வேற்றாள் ஆக்கியதாக அல்லவா அர்த்தம்? சாமி படத்துக்கு முன்னால் ஒன்று வைத்திருந்தோம். அது அங்கேயே இருந்தது.

காலையில் முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் எங்கள் வீட்டு ஆட்களை எல்லாம் ஏற்றிக்கொள்ள வேன் வந்தது. பெரியப்பா கையில் பத்திரிகையோடு முன்னால் உட்கார்ந்திருந்ததால் மைதானத்து வாசலில் எங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டிலிருந்து வேன் கிளம்பும்போது அம்மா வெளியே வரவில்லை. பெண் புறப்படும்போது எதிரில் வரக்கூடாதாம். அடுக்களை ஜன்னல் வழியாக, “நீங்க முன்னால போங்க, நான் பின்னாலயே பஸ்ஸுல வந்துருதேன்” என்றாள்.

“சேலையை மாத்திக்கிட்டு வா. வெள்ளையிலேயே வந்து நின்னே, பாத்துக்கோ” என்று நான் கத்தினேன்.

“சரிட்டி, போ” என்று சிரித்தாள்.

மைதானத்தில் தென்னங்கீற்றுப் பந்தலுக்குள் மேடை. ராஜா ராணி நாற்காலிகள். சாரல் பூவாய்த் தூவிக்கொண்டே இருந்தது. தரையெல்லாம் சேறு. பட்டுப்புடவைக்காரிகள் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொக்கு மாதிரி நடந்தார்கள். நாதஸ்வரக்காரர் வாசிக்கிறார் என்பது அவர் கன்னம் உப்புவதை வைத்துத்தான் தெரிந்தது. மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் சுற்றுகிற சத்தம் எல்லாவற்றையும் விழுங்கியது. பழத்தட்டிலிருந்து ஒரு குரங்கு ஆப்பிளை எடுத்துக்கொண்டு போய்ப் பந்தல் மேல் உட்கார்ந்து தின்றது. அதற்கும் பத்திரிகை வைத்திருக்கிறார்கள் போல என்று என் வீட்டுக்காரர் காதில் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போதெல்லாம் எனக்கு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

பந்தலுக்கு முன்னால் ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் விருந்தாளிகள், அந்தப் பக்கம் டிக்கெட் எடுத்து வந்த கூட்டம். பஞ்சு மிட்டாயைத் தின்றுகொண்டே எங்களை வேடிக்கை பார்த்தார்கள். நான் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு குடும்பமாக ஏறி வந்து போட்டோவுக்கு நின்றது. அம்மா வரவில்லை.

“பெரியப்பா, அம்மா எங்க?”

“வந்துருவா, வந்துருவா. பஸ்ஸு கூட்டமா இருக்கும்லா.”

அந்த நேரம் பார்த்து மாமனார் மைக்கைப் பிடித்தார். மணமக்கள் இப்போது ராட்டினத்தில் ஏறப் போகிறார்கள் என்றார். கூட்டம் கை தட்டியது. வெளிச்சம் போவதற்குள் படம் எடுத்துவிட வேண்டும் என்று போட்டோக்காரர் அவசரப்படுத்தினார். மாலையும் நகையுமாக என்னை அந்த இரும்புத் தொட்டியில் ஏற்றிக் கம்பியைப் போட்டார்கள். ராட்டினம் கிளம்பியது. உச்சிக்குப் போனதும் போட்டோவுக்காக நிறுத்தினார்கள்.

மேலே காற்று அள்ளிக்கொண்டு போனது. மலை மேல் மேகம் படிந்திருந்தது, அருவி வெள்ளையாய்த் தெரிந்தது. “அங்கன பாரு, அங்கன பாரு” என்று அவர் காட்டினார். நான் அதைப் பார்க்கவில்லை. என் கண் வாசலுக்குப் போய்விட்டது.

டியூப் லைட் வளைவுக்கு வெளியே, சாம்பல் நிறப் புடவையில், கையில் தூக்குச்சட்டியோடு அம்மா நின்றுகொண்டிருந்தாள். வாசல்காரன் கையை நீட்டி மறித்திருந்தான். அவள் ஏதோ சொன்னாள். அவன் டிக்கெட் கூண்டைக் காட்டினான். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். அவளைத் தள்ளிக்கொண்டு ஒரு கும்பல் உள்ளே போனது. அவள் ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டாள். ஒதுங்குவதற்குத்தான் அவளுக்கு நன்றாகத் தெரியுமே.

“எங்கம்மா! அவங்களை உள்ள விடுங்க! எங்கம்மா அவங்க!”

கத்தினேன். மரணக் கிணற்றுச் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. கையைத் தூக்கி ஆட்டினேன். கீழே இருந்த கூட்டம் முழுவதும் பதிலுக்குக் கையாட்டியது. மாமனார் இரண்டு கையையும் ஆட்டினார். போட்டோக்காரர் அப்போதுதான் எடுத்தார். அதுதான் எங்கள் ஹாலில் இருக்கிற போட்டோ.

இறக்கச் சொல்லி என் வீட்டுக்காரரும் சைகை காட்டினார். இன்னும் சுற்றச் சொல்கிறோம் என்று நினைத்து ராட்டினக்காரன் வேகத்தைக் கூட்டினான். ஒவ்வொரு தடவை மேலே போகும்போதும் வாசலைப் பார்த்தேன். ஒரு சுற்றில் அவள் இருந்தாள். இன்னொரு சுற்றில் கூட்டம் மறைத்தது. அப்புறம் அவளைக் காணோம்.

கீழே இறங்கியதும் அவர் புது ஷூவோடு சேற்றில் ஓடினார். அதற்கு நான் என்றைக்கும் நன்றி சொல்வேன். திரும்பி வந்தபோது பேண்ட் முழங்கால் வரை சகதி.

“அங்கன இல்லியே முத்து. எத்தனையோ பேரு வாராவ, யாருன்னு கேக்கீயன்னு அவன் என்னையவே கேக்கான். வெளிய ரோட்டுலயும் பாத்துட்டேன். மைக்குல சொல்லச் சொல்லட்டா?”

அந்த மைக்கில் சாயங்காலத்திலிருந்து காணாமல் போன பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். பச்சைச் சட்டை போட்ட பையன், ரெட்டைச் சடை போட்ட சிறுமி என்று. ‘பார்வதியம்மாள், மேடைக்கு வரவும்’ என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். பெரியப்பா குறுக்கே விழுந்தார்.

“என்ன மாப்பிள்ளை இது? பொண்ணோட தாயாரைக் காணோம்னு மைக்குல சொன்னா ஊரு சிரிக்காதா? சம்பந்தி வீட்டுல என்ன நெனைப்பாவ? அவ கோவிச்சிக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பா. நான் பேசிக்கிடுதேன்.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பெரியப்பா மேல், மாமனார் மேல், வாசல்காரன் மேல். எல்லாரையும் விட அம்மா மேல்தான் அதிகம். இன்றைக்கு ஒரு நாள் என் பெண் என்று சண்டை போட்டு உள்ளே வரக்கூடாதா? அப்படி என்ன பெரிய ரோஷம்? என்னை இப்படி நடு மேடையில் விட்டுவிட்டுப் போய்விட்டாளே என்று மனசுக்குள் பொரிந்தேன்.

அந்த எரிச்சலில் இருக்கும்போது மாமனாருக்கு இன்னொரு யோசனை வந்தது. டிக்கெட் எடுத்து வந்தவர்கள் பாவம், தூரத்திலிருந்தே பார்க்கிறார்களே என்று, அவர்களை வரிசையாக மேடைக்கு முன்னால் நடந்துபோக விட்டார். கயிற்றுக்கு அந்தப் பக்கமாகவே போக வேண்டும், நிற்கக் கூடாது. ‘மணமக்களை அருகில் கண்டு களியுங்கள்’ என்று மைக் சொன்னது. கூண்டுக் கரடியைப் பார்க்க வருவது போல வந்தார்கள். சாரலுக்குத் தலையில் துண்டும் முந்தானையும் போட்டுக்கொண்டு, கழுத்தை நீட்டி, நகையை, புடவையை, என் மூக்கை, முழியை எல்லாம் பார்த்துப் பேசிக்கொண்டே போனார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இவர்களில் ஒருத்தர் முகத்தையும் பார்ப்பதில்லை என்று வைராக்கியமாக உட்கார்ந்திருந்தேன். அவர்கள் தலைக்கு மேலே, தூரத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை அம்மா திரும்பி வந்தாலும் வரலாம் என்று ஒரு நப்பாசை. வரிசை முடியும் வரை கண்ணை எடுக்கவில்லை.

மறுநாள் மறுவீட்டுக்கு இலஞ்சிக்கு வந்தோம். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைக்குச் சொதிக் குழம்பு வைத்துச் சோறு போட வேண்டுமே. அவரைப் பெரியப்பாவோடு விட்டுவிட்டு நேராக அடுக்களைக்குப் போனேன். அம்மா வெள்ளைப் புடவையில் அடுப்பு முன்னால் நின்று தேங்காய்ப்பாலைக் கிண்டிக்கொண்டிருந்தாள். சாம்பல் புடவை கொல்லையில் கொடியில் காய்ந்தது. கரை முழுவதும் செம்மண் சேறு, துவைத்தும் போகாமல் இருந்தது.

“வாட்டி. மாப்பிள்ளை வந்துட்டாவளா?”

“பேசாத. என்னைய விட்டுட்டு வீட்டுக்கு ஓடி வந்துட்டேல்லா? நீ இல்லாம நான் அங்கன எப்படி நின்னேன்னு உனக்குத் தெரியுமா?”

“நல்லாத்தான் நின்னே. ஒண்ணுமே சாப்பிடல, அதான் எனக்கு வெசனம். மாப்பிள்ளை ஐஸ்கிரீம் நீட்டுனாவ, நீ வேண்டாம்னுட்டே. உனக்குன்னுதான் தயிர்சாதம் பெசைஞ்சு கொண்டாந்தேன்.”

ஐஸ்கிரீம் கொடுத்தது ராட்டினத்திலிருந்து இறங்கி வெகு நேரத்துக்கு அப்புறம்.

“நீ உள்ள வந்தியா?”

“வராம? அவன் கார்டு கேட்டான். பொண்ணோட அம்மான்னு சொன்னேன். பொண்ணோட அம்மா பஸ்ஸுலயா வருவாங்கன்னு சிரிச்சான். அவனைச் சொல்லிக் குத்தமில்ல, என்னையப் பாத்தா அப்படித்தானே இருக்கு. சரின்னு எல்லாரும் எடுக்காவளேன்னு நானும் ஒரு டிக்கெட்டு எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.”

“பொறவு ஏன் மேடைக்கு வரல?”

“கயிறு கட்டியிருந்தாவளே. டிக்கெட்காரங்க அந்தப் பக்கம் போகப்பிடாதுன்னு ஒருத்தன் கம்பு வச்சிட்டு நின்னான். சத்தம் போட்டுக் கூப்பிட்டிருக்கலாம். பொண்ணைப் பெத்தவ டிக்கெட்டு எடுத்து வந்தான்னு அத்தனை பேருக்கும் தெரிஞ்சா, நாளைக்கு அந்த வீட்டுல உனக்குத்தானே எளக்காரம்?”

“அம்மா…”

“அதான் வரிசை விட்டாவல்லா, அதுல வந்தேன். உன் முன்னாலதான் வந்தேன். இந்தா, இந்த அடுப்புக்கும் நீ நிக்கிற எடத்துக்கும் உள்ள தூரம். நீ வாசலையே பாத்துக்கிட்டு இருந்தே.”

அம்மா என்னைப் பார்க்காமல் கரண்டியை ஆட்டிக்கொண்டே பேசினாள்.

“எனக்கு முன்னால ஒரு மலையாளத்துப் பொம்பளை. குளிக்க வந்தவ போலிருக்கு. பெண்ணு நல்ல சுந்தரின்னா. ஆமான்னேன். திரும்பி என்னையப் பாத்து, உங்களுக்கு வேண்டப்பட்டவங்களான்னு கேட்டா.”

“நீ என்ன சொன்னே?”

“இல்லம்மா, நான் சும்மா பொருட்காட்சி பாக்க வந்தேன்னு சொன்னேன்.”

உள்ளே வந்து எட்டிப்பார்த்த என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டார். “அத்தை, இப்பமே கெளம்புங்க. தென்காசி ஸ்டுடியோவுல போய் மூணு பேருமா ஒரு படம் எடுத்துருவோம்” என்றார். இருக்கட்டும் மாப்பிள்ளை, ஆடிக்கு இவளைக் கூப்பிட வாரப்போ எடுத்துக்கிடலாம் என்றாள் அம்மா. ஆடி வந்தது. அடுத்த ஆடியும் வந்தது. அந்தப் புடவையில் சேறு போகவில்லை, வெள்ளையில் எதற்குப் படம் என்று ஒவ்வொரு தடவையும் தள்ளிப்போட்டாள். எண்பத்தைந்தில் போயே போய்விட்டாள். ஒரு படம்கூட இல்லை.

அன்றைக்கு அந்த அடுக்களையில் நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் புதுத்தாலி அவள் முதுகில் அழுந்தியது. அவள் ஒரு கையால் என்னை விலக்கினாள்.

“தள்ளி நில்லுட்டி. பால் கொதிச்சா சொதி திரிஞ்சிரும்” என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.